சட்டி மாற்றும் பருவம்

கடையில் வாங்கிய போன்சாய் மூன்றாம் மாதம் இலையைக் கொட்டிவிட்டு நின்றால், தண்ணீர் ஊற்றுகிறவருக்குத்தான் வீட்டில் திட்டு விழும். மரத்தைச் சட்டியிலிருந்து உருவி அடியைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. உருவிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கல். அதற்குக் கீழே களிமண் கலந்த செம்மண் கட்டி. கட்டியைச் சுற்றிச் சட்டியின் வடிவத்திலேயே வளைந்து இறுகிய வேர். ஊற்றிய தண்ணீர் ஓரமாக இறங்கித் துளை வழியே ஓடிவிடுகிறது. கட்டியின் நடுப்பகுதி நனைந்து மாதக்கணக்காகியிருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றியும் மரம் தாகத்தில் செத்திருக்கிறது.

கிளை வெட்டுவதிலும் கம்பி கட்டுவதிலும் தப்பு நேர்ந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு வருடத்தில் புதுக்கிளை வந்து மறைத்துவிடும். வேரில் நேரும் தப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் வேறெந்த வேலையைவிடவும் சட்டி மாற்றும் வேலையை நிதானமாகக் கற்றுக்கொள்ளச் சொல்வேன்.

வேரை ஏன் வெட்டுகிறோம்

போன்சாய் என்றாலே மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மாடியில் நாலு சட்டி வைத்திருப்பது தெரிந்தால் போதும், ‘பாவம் இல்லையா?’ என்று விருந்துக்கு வந்தவர் கேட்டுவிடுவார். அவருக்கு வேரின் வேலையைச் சொல்லிப் புரியவைக்கலாம். மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது நுனியிலுள்ள மெல்லிய வேர்களும் அவற்றிலுள்ள தூவிகளும்தான். தடித்த வேர் கடத்துவதோடும் மரத்தைத் தாங்குவதோடும் சரி. சட்டிக்குள் மெல்லிய வேர்கள் சுவரைத் தொட்டதும் வளைந்து சுற்றத் தொடங்கும். நாளாவட்டத்தில் அவையும் தடிக்கும். மண் துகள்கள் நொறுங்கித் தூளாகி, இடைவெளிகள் அடைபடும், காற்றுப் போகாது. வேரும் மூச்சு விடுகிற உறுப்புதான், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அப்படியே விட்டுவைத்தால்தான் மரம் பட்டினி கிடக்கும். தடித்ததை வெட்டிப் புதுமண் போட்டால் வெட்டுவாயைச் சுற்றிலும் புது வேர்கள் கிளம்பும்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் சட்டியில் வளர்ந்துவரும் மரம் அது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது, சுமார் 3 கி.மீ. தள்ளி, ஒரு சுவரின் மறைவில் நின்றதால் தப்பியது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001-ல் அவருடைய பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக வேரை வெட்டி மண் மாற்றி வந்ததால்தான் அந்த மரம் இன்றும் துளிர்க்கிறது.

பைனைச் சொன்னேன் என்பதற்காகப் பைன் வாங்கிவிட வேண்டாம். ஜுனிப்பர், ஜப்பானிய மேப்பிள், பைன் போன்றவை குளிரில் ஓய்வெடுத்துப் பழகியவை. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் முயன்று பார்க்கலாம். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் அவை கொஞ்ச நாள் பச்சையாக இருந்துவிட்டுக் காய்ந்து போகும். ஜுனிப்பர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே தெரியும் என்பது இன்னும் மோசம். சமவெளியில் தொடங்குகிறவருக்கு ஆல், அத்தி வகையறாவை விட்டால் கதியில்லை. நர்சரியில் பைக்கஸ் என்று கேட்டால் கிடைக்கும். மைக்ரோகார்ப்பா, பெஞ்சமினா, லாங் ஐலண்ட் எதுவானாலும் சரி. இந்த அத்தியாயத்தில் சொல்வதெல்லாம் பைக்கஸ் மைக்ரோகார்ப்பாவை மனத்தில் வைத்துச் சொல்வது. புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியவற்றுக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

எப்போது

மாசி தொடங்கிப் பங்குனி பாதி வரை முதல் பருவம். பனி விலகி, வெயில் ஏறத் தொடங்கி, மொட்டுகள் பருக்கும் நேரம் அது. தவறவிட்டால் ஆடி, ஆவணி. கத்திரி வெயிலில் செய்யாதீர்கள். வெட்டிய வேரால் இலைக்கு வேண்டிய தண்ணீரை அனுப்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம், வெட்டுவாய் அழுகும். புளிக்குப் பழைய இலை உதிர்ந்து புதுத்துளிர் வெடிக்கும் முன்பான வாரங்கள் மட்டும்தான்.

பருவம் வந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொரு சட்டியையும் கவிழ்க்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்கி நின்று மெதுவாக இறங்குகிறதா, மரம் சட்டியிலிருந்து மேலெழும்பி நிற்கிறதா, துளை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்றாவது இருந்தால் மாற்றலாம். நம் சூட்டில் இளம் பைக்கஸுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும். வடிவம் முடிந்த பழைய மரத்துக்கு மூன்று நான்கு வருடம் வரை பொறுக்கலாம். உடம்புக்கு முடியாத மரத்தைச் சும்மா இருக்க விடுங்கள். அதன் மண் அழுகி நாற்றமடித்தால் மட்டும் விதிவிலக்கு.

மண்

1923-ல் டோக்கியோவைச் சீரழித்த கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள இடம் தேடி ஓமியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1925-ல் உருவான அந்தப் போன்சாய் கிராமம் இன்றும் சைத்தாமாவில் இருக்கிறது. ஜப்பானில் போன்சாய்க்குப் போடும் அகதாமா, கான்டோ பகுதியில் தோண்டியெடுக்கும் எரிமலைக் களிமண். உருண்டை உருண்டையாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உருண்டைகளுக்கு நடுவே காற்றையும் விடும். இங்கே இறக்குமதி விலையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதே வேலையை உடைத்த செங்கல் பார்க்கும்.

மண் விஷயத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும். பாத்திரம் துலக்கும் நீள்சதுர ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கட்டும். நின்ற பிறகு அதைப் பிழியாமல், குத்துவாட்டில் நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டும் மாறியிருக்கிறது. சட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. எந்தச் சட்டியானாலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் சொதசொதவென்று ஒரு ஈர அடுக்கு தங்கும். அதன் கனத்தை மண் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது. சட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. ஒரு அடி ஆழத் தொட்டியில் இரண்டு அங்குல ஈர அடுக்கு இருந்தால் செடிக்குக் கவலையில்லை. அதே மண்ணை இரண்டரை அங்குலப் போன்சாய்ச் சட்டியில் போட்டால், வேர் முழுக்கச் சேற்றில் நிற்கும். ரோஜாவுக்கு நன்றாக இருக்கும் செம்மண், எரு, மணல் கலவை போன்சாயைக் கொல்வது இதனால்தான்.

துகள் பெரிதாகப் பெரிதாக ஈர அடுக்கு மெலியும். ஆகவே 3 முதல் 6 மி.மீ. துகள்தான் வேண்டும். மிளகை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடுகளவு உள்ளதெல்லாம் கீழே தோட்டத்துக்குப் போகட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் சும்மாவே கிடைக்கும். கருகிய, கண்ணாடிபோல் மினுக்கும் கல்லை ஒதுக்கிவிடுங்கள், அது தண்ணீரை உறிஞ்சாது. சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, இரண்டு சல்லடையில் சலித்து, தூள் போகக் கழுவிக் காயவையுங்கள். சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஒட்டிய துண்டு வேண்டாம்.

கலவைக்கு என் கணக்கு இது: செங்கல் துணுக்கு இரண்டு பங்கு, கரடான ஆற்றுமணல் அல்லது பியூமிஸ் ஒரு பங்கு, நன்றாக மட்கிச் சலித்த இலைமக்கு ஒரு பங்கு. மழை அதிகமுள்ள நாகர்கோவில் பக்கம் இலைமக்கைப் பாதியாகக் குறைக்கலாம். காலை ஒருமுறை மட்டுமே தண்ணீர் ஊற்ற முடிகிற, வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். எம்-சாண்ட் போடுவதானால் சலித்துக் கழுவாமல் போடாதீர்கள். அதிலுள்ள கல்தூள் தண்ணீர் பட்டதும் இறுகும். தென்னைநார்க் கழிவு மாடித்தோட்டத்துக்குச் சரி. போன்சாயில் அதைச் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை விடாது, முழுக்கக் காய்ந்துவிட்டால் திரும்ப நனையவும் அடம்பிடிக்கும்.

சட்டிக்கு அடியில் ஓட்டுச்சில்லு, ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். ஆழமில்லாத சட்டியில் அது கெடுதல். ஈர அடுக்கு ஜல்லிக்குள் இறங்காது; ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டே போய் உட்காரும். துளை மேல் வலைத்துண்டு ஒன்று போதும்.

சட்டி மாற்றும் நாள்

முதல் நாளே தண்ணீரை நிறுத்துங்கள், சற்றுக் காய்ந்த மண் எளிதில் உதிரும். புதுச்சட்டியின் துளைகளில் பிளாஸ்டிக் வலையைக் கம்பியால் கவ்வி நிறுத்துங்கள். மரத்தைக் கட்ட 2 மி.மீ. அலுமினியக் கம்பியை அடித்துளை வழியே கோத்து, இரு முனையையும் மேலே விட்டு வையுங்கள். சட்டியின் அளவுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் வழக்கம் எனக்குச் சரியாகவே பட்டிருக்கிறது: நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் குறுக்களவு. நம் வெயிலுக்கு ஆழத்தில் அரை அங்குலம் தாராளம் காட்டலாம். மண், கத்தரி, தண்ணீர் தெளிப்பான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நிழலான இடம் வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மெல்லிய வேர் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பழைய கத்தியைச் சட்டி ஓரமாகச் சுற்றிலும் ஒருமுறை இறக்கி, அடிமரத்தைப் பிடித்து அசைத்துத் தூக்குங்கள். வேர்க்கட்டியை மேசைமேல் வைத்து, முனை வளைத்த கெட்டிக் கம்பியால் சிக்கெடுக்க ஆரம்பியுங்கள். அடிமரத்தின் பக்கமிருந்து வெளியே இழுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி இழுத்தால் தோல் உரியும். பைக்கஸ் வேரின் தோல் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும், அவசரப்படக் கூடாது. ஓரமும் அடியும் முதலில், நடு கடைசியில். முதல்முறை மாற்றும் நர்சரி மரமென்றால் செம்மண் கட்டி முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். வாளித் தண்ணீரில் ஆட்டினால் கரையும். காகிதப்பூவை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அதன் வேர் தொட்டால் ஒடியும். ஓரமண்ணை உதிர்த்து மற்றதை அப்படியே வைத்துவிடுங்கள்.

இப்போது மரத்தைச் சாய்த்து அடியைப் பாருங்கள். நேர்கீழே இறங்கும் தடித்த வேர் இருந்தால் அதுதான் முதல் பலி. ரம்பத்தால் அடிமரத்தை ஒட்டி அறுத்துவிடலாம், பைக்கஸ் தாங்கும். பிறகு சுற்றி வளைந்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை. மிச்சமுள்ளவற்றை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். தடித்த வேரின் வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மொத்தத்தில் பைக்கஸுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போகலாம். புளிக்கும் கொடுக்காப்புளிக்கும் கால் பங்கோடு நிறுத்துங்கள். வெட்டுவாயில் பால் வடியும். தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோலிலும் அரிக்கும்.

அடிமரத்திலிருந்து நாலாபக்கமும் படரும் மேல்வேர்களை நெபாரி என்பார்கள். மரத்துக்கு வயதைக் காட்டுவது இதுதான், கிளைகள் அப்புறம். நர்சரிக்காரர்கள் ஆழமாக நட்டிருப்பார்கள். அரை அங்குலம், ஒரு அங்குலம் மண்ணைத் தள்ளினால் நல்ல வேர்கள் உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். அவை பாதி வெளியே தெரியும் மட்டத்தில் இந்த முறை நடுங்கள். அந்த மட்டத்துக்கு மேலே ஒற்றையாகத் தொங்கும் வேரை வெட்டத் தயங்க வேண்டாம்.

சட்டியில் மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, மரத்தை அதன்மேல் வைத்து, இப்படியும் அப்படியும் திருகி அழுத்துங்கள். அடியில் வெற்றிடம் இருக்கக் கூடாது. நீள்சதுரச் சட்டியென்றால் நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒருபக்கம் தள்ளி, பின்னோக்கி வையுங்கள். பிறகு கம்பியை வேர்களின்மேல் கொண்டுவந்து முறுக்கிக் கட்டுங்கள். கம்பி படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் வேர் காயப்படாது. கட்டி முடித்ததும் மரத்தைப் பிடித்து ஆட்டினால் சட்டியும் கூடவே ஆட வேண்டும். பலர் தாண்டிப் போய்விடும் படி இது. ஆடும் மரத்தில் புதிதாக விட்ட நுனிவேர் ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துகொண்டே இருக்கும்.

மண்ணை நிரப்பி, மூங்கில் குச்சியால் வேர்களுக்கு நடுவே குத்திச் சுழற்றி இறக்குங்கள். கட்டைவிரலால் அழுத்தி இறுக்காதீர்கள். விளிம்புக்குக் கீழே அரை செ.மீ. இடம் விட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் செங்கல் நிறத்தில் வரும். தெளிவாக வரும்வரை ஊற்ற வேண்டும். அந்தத் தூள் சட்டிக்குள்ளேயே தங்கினால், இவ்வளவு நேரம் சலித்தது வீண்.

இலையை என்ன செய்வது என்பதில் வளர்ப்பவர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. பைக்கஸை முழுக்க மொட்டையடிப்பவர்கள் இருக்கிறார்கள். என் வழக்கம், நீண்ட தண்டுகளை இரண்டு மூன்று இலைக்குக் குறுக்கிவிட்டு, பெரிய இலைகளைக் காம்போடு விட்டு வெட்டுவது. கொஞ்சம் இலையாவது இருந்தால்தான் புதுவேருக்கு வேண்டிய மாவுச்சத்தை மரம் தயாரிக்கும்.

சுவரில் முளைத்த கன்று

மைனாவும் காகமும் விதைத்துவிட்டுப் போகும் ஆல், அரசங்கன்றுகள் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டி விரிசலிலும் இல்லாத தெரு கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்கு. பழைய வீட்டை இடிக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ‘தாராளமா எடுத்துக்கங்க’ என்பார். காட்டிலிருந்து பெயர்த்து வருவதை மட்டும் நினைக்காதீர்கள், காப்புக்காட்டில் அது குற்றம்.

பிடித்து இழுத்தால் வேர் உள்ளேயே அறுந்துபோகும். உளியால் காரையைக் கொத்தி வேரைத் திறக்க வேண்டும். விரிசலுக்குள் நசுங்கித் தட்டையான வேர்கள் சமதரைச் சட்டிக்குப் பொருந்தா. கல்லைக் கவ்வி நிற்கும் பாணிக்கு அவற்றைப்போல் அமையாது. எல்லா வேரும் போய்த் தண்டு மட்டும் கையில் வந்தாலும் எறிய வேண்டாம். மழைப் பருவத்தில் பைக்கஸ் தடிமனான தண்டிலிருந்தும் வேர் விடும். அரசங்கன்று மட்டும் ஆரம்பக்காரர்களுக்கு ஏமாற்றம்தான். இலையும் காம்பும் நீளம், எவ்வளவு வெட்டினாலும் ஓரளவுக்குமேல் சிறுக்காது.

இப்படி எடுத்த கன்றை நேராகப் போன்சாய்ச் சட்டியில் வைத்தால் அடிமரம் தடிக்காது. மேலே சொன்ன அதே மண்ணை, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் நிரப்பி அதில் நடுங்கள். வேர் நுனி ஓட்டையை எட்டியதும் காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே கிளைக்கும். வேர் சுற்றும் பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று வருடம் இஷ்டத்துக்கு வளரட்டும்.

மாற்றிய பிறகு

இரண்டு மூன்று வாரம் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காற்று மோதாத இடத்தில் வையுங்கள். வேர் குறைந்ததால் குடிக்கும் தண்ணீரும் குறையும். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். இலைக்குக் காலையும் மாலையும் தெளித்தால் போதும். பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது பைக்கஸின் சுபாவம், பதற வேண்டாம். துளிர் நுனி கறுத்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் மரத்தைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைத் தளர்வாகக் கட்டி, வெயில் படாத வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள்.

மொட்டைமாடித் தரையில் சட்டியை வைக்காதீர்கள். சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத தரை அது. இரண்டரை அங்குல மண்ணில் இருக்கும் வேருக்கும் அதே கதிதான். இரண்டடி உயர மேடை, கீழே ஈரமணல் பரப்பிய தட்டு, மேற்கு வெயிலுக்கு மறைப்பு. இவ்வளவு இருந்தால் கத்திரியைத் தாண்டிவிடலாம். அடைமழை நாட்களில் சட்டியின் ஒருபக்கத்துக்கு அடியில் அரைச் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். ஸ்பாஞ்சை நிமிர்த்தியது நினைவிருக்கும். சாய்ந்த சட்டியில் ஈர அடுக்கு ஒரு மூலைக்கு ஒதுங்கி, மிச்ச வேர் மூச்சு விடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் சட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளை படியும், இலையோரம் கருகும். வாரம் ஒருமுறை துளை வழியே தாராளமாக ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழைநீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உதவும். ஆர்ஓ கருவி வெளித்தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

உரம் இப்போதைக்குக் கிடையாது. புதுத்துளிர் விரிந்து, இலை முற்றிக் கரும்பச்சை ஆகட்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். அதன்பின் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே, மண்மேல் பிண்ணாக்கு உருண்டை வைக்க ஆரம்பிக்கலாம். கடலைப் பிண்ணாக்கு மட்டும் வைத்தால் எறும்பும் எலியும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய்விடும், போகிற போக்கில் புதுவேரையும் கிளறிவிட்டுப் போகும். வேப்பம் பிண்ணாக்கைச் சரிபாதி கலந்து, உருண்டையை ஒரு துண்டு வலைக்குள் வைத்து மண்ணில் குத்தி நிறுத்துங்கள். கம்பி கட்டும் வேலை இருந்தால் அதைத் துளிர் இரண்டாம் முறை வெடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.